நித்திரைக்கு மூலிகைக் கலப்பு

நித்திரையில்லாதவனிடம் எதையும் விற்றுவிடலாம். இரவு இரண்டு மணிக்குக் கண் கொட்டாமல் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பவனிடம், "இது மூலிகை, இதனால் கெடுதி யாதொன்றுமில்லை" என்று சொல்லி ஒரு சீசாவைக் காட்டினால், அவன் விலையையும் கேட்கமாட்டான், உள்ளே இருப்பது இன்னதென்றும் கேட்கமாட்டான். இன்று நமது நகரங்களில் மருந்துக் கடைகளிலும், பலசரக்குக் கடைகளிலும், கைபேசி மூலமாகவும் நடந்து வரும் தூக்க மூலிகை வியாபாரம் இந்த நிலைமையை ஆதாரமாகக் கொண்டே தழைத்து வருகிறது. அமுக்கரா, சடாமாஞ்சில், பிரமி, சங்கபுஷ்பி முதலிய நம் நாட்டு மூலிகைகளும், வலேரியன் முதலிய பிற நாட்டு மூலிகைகளும் மாத்திரையாகவும், சூரணமாகவும், மிட்டாயாகவுங்கூட விற்கப்படுகின்றன. இவற்றில் ஒன்றை வைத்தியர் சொற்படி உட்கொள்வது ஒரு விஷயம். இரண்டு மூன்றைத் தன்னிஷ்டப்படி சேர்த்து, டாக்டர் கொடுத்த மாத்திரையோடும் கலந்து உட்கொள்வது முற்றிலும் வேறு விஷயம். இந்த இரண்டாவது விஷயத்தைப் பற்றியே இன்று நேயர்களுக்குச் சில வார்த்தைகள் கூற விரும்புகிறோம்.

நாட்டு வைத்தியத்துக்கு நாம் விரோதிகள் என்று யாரும் எண்ண வேண்டாம். மூலிகைகளுக்குச் சக்தியில்லை என்று சொல்பவர்கள் ஒரு கட்சி. அவற்றால் தீங்கே வராது என்று சொல்பவர்கள் மற்றொரு கட்சி. இவ்விரு கட்சியாரும் உண்மையில் ஒரே தவற்றைத்தான் செய்கிறார்கள். நோயை மாற்றும் சக்தி ஒரு பொருளுக்கு இருக்குமானால், உடலைப் பாதிக்கும் சக்தியும் அதற்கு இருந்தே தீரும். தீங்கு செய்யவே இயலாத மருந்து நன்மை செய்யவும் இயலாத மருந்தாகும்.

இதற்குச் சர்ப்பகந்தியின் சரித்திரமே போதிய சான்று. சித்தப்பிரமைக்கும் தூக்கமின்மைக்கும் நம் நாட்டில் நெடுங்காலமாகக் கொடுக்கப்பட்டு வந்த வேர் அது. 1921-ம் வருஷம் ஆமதாபாத் காங்கிரஸில் அக்கிராசனம் வகித்த ஹக்கீம் அஜ்மல் கான், டில்லியில் தாம் ஸ்தாபித்த திப்பியா கல்லூரியில் நாட்டு மூலிகைகளை நவீன ரசாயன முறைப்படி ஆராய வேண்டுமென்று பெரிதும் விரும்பினார். அந்த விருப்பத்தை நிறைவேற்ற முன்வந்த ஸலீமுஸ்ஸமான் ஸித்திக்கி, 1931-ல் சர்ப்பகந்தி வேரிலிருந்து ஒரு சத்தைப் பிரித்தெடுத்து, 'அஜ்மலைன்' என்று அந்தப் பெரியாரின் பெயரையே அதற்குச் சூட்டினார். அதே வருஷத்தில் கல்கத்தாவில் கணநாத ஸென், கார்த்திக் சந்திர போஸ் என்ற இருவர், அந்த வேர் சித்தப்பிரமைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் பயன்படுவதை எழுதி வெளியிட்டனர். 1949-ல் பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல் பிரிட்டிஷ் வைத்தியப் பத்திரிகையொன்றில் தமது அனுபவத்தைப் பிரசுரித்தார். அதன் பிறகே மேனாட்டார் விழித்துக்கொண்டனர். 1952-ல் ஸ்விட்ஸர்லாந்து ரசாயனிகள் அதே வேரிலிருந்து 'ரிஸர்ப்பின்' என்ற மருந்தைப் பிரித்தெடுத்தனர். உலகமெங்கும் அது பரவிற்று.

நம் நாட்டு மூலிகை ஒன்று பெற்ற வெற்றி இது. இதில் நாம் பெருமை கொள்வது நியாயமே. ஆனால் கதை அங்கே முடியவில்லை. அந்த மருந்து அளவு மீறினால் இரத்த அழுத்தம் அபாயகரமாக இறங்குவதும், மந்தமும் மூக்கடைப்பும் உண்டாவதும் விரைவில் தெரிந்தன. சிலருக்கு மனச்சோர்வு உண்டாவதாகவும் டாக்டர்கள் எழுதலாயினர். அதற்கு மருந்துதான் காரணமா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. மனச்சோர்வுக்குக் கொடுக்கப்படும் சிலவகை மருந்துகளோடு அதைச் சேர்க்கவே கூடாது என்ற விதியும் ஏற்பட்டது. வேரின் சக்தி நிரூபிக்கப்பட்டபொழுதே அதன் அபாயமும் நிரூபிக்கப்பட்டது. வியாபாரிகள் நமக்கு முதற்பாதியை மட்டுமே சொல்கிறார்கள்.

ஒரு குமாஸ்தாவை உதாரணமாக வைத்துக்கொள்வோம். வயது ஐம்பது. வேலைக் கவலை, வீட்டுக் கடன், பெண்ணின் விவாகம். படபடப்புக்கு டாக்டர் அல்பிரஸோலாம் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். தைராய்டு குறைவுக்கு வேறொரு மாத்திரை தினந்தோறும் நடக்கிறது. இவற்றோடு, நண்பர் சொன்னாரென்று அமுக்கரா மாத்திரை. விளம்பரத்தைக் கண்டு ஒரு தூக்க மிட்டாய். மைத்துனர் வாங்கி வந்த 'மனச்சாந்தி' கஷாயம். மூன்று சீசாக்களின் பின்புறத்தையும் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தால், அமுக்கரா மூன்றிலும் இருக்கிறது! ஒரு பங்கு உட்கொள்வதாக எண்ணிக்கொண்டு அவர் மூன்று பங்கு உட்கொள்கிறார். டாக்டரிடம் இதைச் சொல்லவில்லை. ஏன்? "மருந்து என்ன சாப்பிடுகிறீர்கள்?" என்றுதான் டாக்டர் கேட்டார். மூலிகை மருந்தல்லவே என்பது குமாஸ்தாவின் எண்ணம்.

இந்தக் கலப்பினால் விளையக்கூடிய கெடுதிகள் பல திறத்தன.

முதலாவது, ஒரே வேலையைச் செய்யும் பொருள்கள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறுவது. மூளையின் பரபரப்பை அடக்குவதற்கு மூளையிலேயே 'காபா' என்றதொரு பொருள் இருக்கிறது. அல்பிரஸோலாம், குளோனஸெபாம் போன்ற மாத்திரைகள் அதன் வேலையை மிகுவிக்கின்றன. வலேரியன், காவா, அமுக்கரா ஆகியவற்றின் சத்துக்களும் இதே வழியில் வேலை செய்வதற்கு ஆய்வுக்கூடங்களில் சான்று கிடைத்திருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் அமைதி இரட்டிப்பதில்லை, மயக்கம் இரட்டிக்கிறது. 1996-ம் வருஷம் அமெரிக்காவில் 54 வயதுள்ள ஒருவர் அல்பிரஸோலாமும் வேறிரண்டு மருந்துகளும் உட்கொண்டு வருகையில், கடையில் வாங்கிய காவாவையும் மூன்று நாள் சேர்த்துக்கொண்டார். தாம் இருக்குமிடம் தெரியாமல், அரை மயக்க நிலையில் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார். சில மணி நேரத்துக்குப் பிறகு தெளிவு வந்தது. நல்ல வேளையாக அவர் அப்பொழுது மோட்டார் ஓட்டிக்கொண்டிருக்கவில்லை. இவற்றோடு மதுவும் சேருமாயின் மூச்சே மந்தப்பட்டுப் போகலாம். வயோதிகர்களுக்கோ, இரவில் எழுந்து இரண்டடி நடக்கும்பொழுது விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்வதற்கு இவ்வளவு மயக்கம்கூட வேண்டியதில்லை.

இரண்டாவது கெடுதி கண்ணுக்குத் தெரியாமல் ஈரலில் நடப்பது. நாம் உட்கொள்ளும் மருந்துகளைச் சிதைத்து வெளியேற்றும் வேலையை ஈரல் செய்து வருகிறது. சில மூலிகைகள் அந்த வேலையை முடுக்கிவிடுகின்றன. அப்பொழுது உயிர்காக்கும் மருந்தும் வேலை செய்வதற்கு முன்பே வெளியேறிவிடுகிறது. ஐரோப்பாவில் மனச்சோர்வுக்குப் பிரசித்தமான 'ஸெயிண்ட் ஜான்ஸ் வொர்ட்' என்ற பூண்டு இவ்வகையில் முதன்மையானது. ஸ்விட்ஸர்லாந்தில் ஜூரிச் நகரத்தில் மாற்று இருதயம் வைக்கப்பட்ட இரு நோயாளிகள் இந்தப் பூண்டை உட்கொண்டதால், புதிய இருதயத்தைக் காக்கும் ஸைக்ளோஸ்போரின் மருந்து இரத்தத்தில் குறைந்து, உடல் அந்த இருதயத்தை ஏற்க மறுக்கத் தொடங்கிற்று. இச்செய்தி 2000-ம் வருஷம் வெளியாயிற்று. அதே வருஷத்தில், எய்ட்ஸ் நோய்க்குக் கொடுக்கப்பட்ட இண்டினாவிர் என்ற மருந்தின் அளவை இப்பூண்டு இரத்தத்தில் பாதிக்கு மேல் குறைத்துவிடுவதும் தெரியவந்தது.

அது அன்னியப் பூண்டாயிற்றே என்று சொல்லிச் சமாதானம் செய்துகொள்ள இடமில்லை. காக்காய்வலிப்புக்குப் பினிடோயின் மருந்து உட்கொண்டுவந்த இரு நோயாளிகள் சங்கபுஷ்பி சேர்ந்த ஆயுர்வேத மருந்தொன்றையும் உட்கொண்டபொழுது, அடக்கத்திலிருந்த வலிப்பு மறுபடியும் தலைகாட்டிற்று. பம்பாய் ஆராய்ச்சியாளர்கள் இதை எலிகளிடம் சோதித்து, அம்மருந்து பினிடோயினின் அளவை இரத்தத்தில் குறைப்பதைக் கண்டு 1992-ல் வெளியிட்டனர். மனத்துக்கு அமைதியும் புத்திக்குத் தெளிவும் தருமென்று வாங்கிய மருந்து, வலிப்பைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டது. இது நம் நாட்டு மூலிகை. நம் நாட்டு நோயாளிகள். நம் நாட்டு ஆராய்ச்சி.

மூன்றாவது, மனச்சோர்வு மருந்துகளோடு நேரும் மோதல். இக்காலத்தில் படபடப்புக்கும் சோர்வுக்கும் டாக்டர்கள் கொடுக்கும் மாத்திரைகளில் பல, மூளையில் 'ஸெரோடோனின்' என்ற பொருளை மிகுவிப்பவை. ஸெயிண்ட் ஜான்ஸ் வொர்ட்டும், சில தூக்க மாத்திரைகளில் சேர்க்கப்படும் 5-ஹெச்.டி.பி. என்ற சத்தும் அதே வேலையைச் செய்கின்றன. இரண்டும் கூடி அளவு மிஞ்சினால் நடுக்கம், வியர்வை, காய்ச்சல், மனக்குழப்பம் ஆகியவை தோன்றும். முற்றினால் உயிருக்கே ஆபத்து. நோயாளியோ, தமது பழைய படபடப்புத்தான் அதிகரித்துவிட்டதென்றெண்ணி, அந்த மாத்திரையை இன்னும் ஒன்று விழுங்குகிறார்!

நான்காவது, மூலிகையே ஈரலைத் தாக்குவது. பிஜி, டோங்கா முதலிய தீவுகளில் ஜனங்கள் தண்ணீரில் கலக்கிப் பருகிவந்த காவா வேரை ஐரோப்பிய வியாபாரிகள் சாறு பிழிந்து மாத்திரையாக்கி விற்றனர். ஈரல் கெட்ட செய்திகள் வரவே, 2002-ல் ஜெர்மனி அதைத் தடுத்தது. 2014-ல் நீதிமன்றம் அந்தத் தடையைச் செல்லாதென்று தீர்த்தது. 2019-ல் மறுபடியும் தடை வந்தது. நமது அமுக்கராவைப் பற்றியும் இவ்வகைச் செய்திகள் வந்திருக்கின்றன. 2020-ல் ஐஸ்லாந்து, அமெரிக்கா ஆகிய தேசங்களிலிருந்து ஐந்து நோயாளிகளின் விவரம் வெளியாயிற்று. 2023-ல் இந்திய டாக்டர்களே 23 நோயாளிகளின் விவரத்தை வெளியிட்டார்கள். அவர்களில் எட்டுப்பேர் அமுக்கராவை மட்டும் உட்கொண்டவர்கள். மற்றவர்கள் அமுக்கராவும் பிற மூலிகைகளும் கலந்தவற்றை உட்கொண்டவர்கள். முன்னமே ஈரல் நோயுள்ளவர்களில் மூவர் இறந்தனர். அதே 2023-ல் டென்மார்க் தேசம் அமுக்கராவை அடியோடு தடுத்துவிட்டது.

டென்மார்க்கைப் பின்பற்றி நாமும் தடைசெய்ய வேண்டுமென்பது நமது அபிப்பிராயமன்று. அமுக்கராவை உட்கொள்ளும் எண்ணற்ற ஜனங்களில் ஈரல் கெடுபவர் மிகச் சிலரே. படபடப்பைக் குறைப்பதிலும் தூக்கத்தைத் தருவதிலும் அதற்குச் சிறிது பயன் உண்டென்று சிறு பரீட்சைகள் சில காட்டியும் இருக்கின்றன. ஆனால் அது தைராய்டு சத்தைக் கூட்டக்கூடியது. ஆகவே தைராய்டு மாத்திரை உட்கொள்பவர் கேட்காமல் சேர்க்கலாகாது. கர்ப்பிணிகள் கண்டிப்பாய் விலக்க வேண்டும். ஈரல் நோயாளிகள் அதனருகே போகக்கூடாது. இவ்வளவையும் சீசாவின்மேல் அச்சிடுவதற்கு இடமில்லையாம். யோகாசனப் படம் அச்சிடுவதற்கு மாத்திரம் இடமிருக்கிறது.

இனி, சீசாவுக்குள் இருப்பது சீசாவின்மேல் எழுதியிருப்பதுதானா என்ற கேள்வி. அமெரிக்காவில் விற்கப்பட்ட 25 வகை மெலடோனின் தூக்க மிட்டாய்களைச் சோதித்து 2023-ல் வெளியான ஆராய்ச்சியில், 22 வகைகளின் சீட்டு தவறாக இருந்தது; எழுதியிருந்த அளவில் 74 சதவிகிதம் முதல் 347 சதவிகிதம் வரை உள்ளே இருந்தது. அதற்கு முன் 2008-ல், கணினி மூலம் விற்கப்பட்ட 193 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்ததில், ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் ஈயமோ, பாதரசமோ, பாஷாணமோ காணப்பட்டது. அமெரிக்கச் சரக்கும் யோக்கியமில்லை. இந்தியச் சரக்கும் யோக்கியமில்லை. அளவே தெரியாத இரண்டு பொருள்களைக் கலப்பவன் என்ன செய்கிறான் என்பதை அவனாலும் சொல்ல முடியாது, அவனுடைய டாக்டராலும் சொல்ல முடியாது.

பெயரிலும் குழப்பம் இருக்கிறது. பிரமி என்றால் சிலர் நீர்ப்பிரமியைக் கொடுக்கிறார்கள். சிலர் வல்லாரையைக் கொடுக்கிறார்கள். சங்கபுஷ்பி என்ற பெயரில் வடக்கே ஒரு செடியும், தெற்கே சங்குப்பூக் கொடியும், வேறு சிலவிடங்களில் விஷ்ணுகிரந்தியும் வழங்கப்படுகின்றன. ஒரே பெயரில் மூன்று செடிகள் நடமாடும்பொழுது, "முன்னோர்கள் உட்கொண்டது" என்று நாம் சொல்வது எதை?

"ஆயிரம் வருஷ அனுபவம் பொய்யா?" என்று சிலர் கேட்பார்கள். அனுபவம் பொய்யன்று. அந்த அனுபவம் எதைப் பற்றியது என்பதைத்தான் மறந்துவிட்டோம். நமது வைத்தியர்கள் நாடி பார்த்தார்கள். மருந்தைச் சுத்தி செய்தார்கள். இன்ன அனுபானத்தில், இத்தனை நாள், இன்ன பத்தியத்தோடு என்று விதித்தார்கள். சேரக்கூடாதவற்றைச் சேர்க்கலாகாதென்றும் தடுத்தார்கள். இன்று வியாபாரி அந்த முறையில் வைத்தியரை நீக்கிவிட்டான், சுத்தியை நீக்கிவிட்டான், அனுபானத்தை நீக்கிவிட்டான், பத்தியத்தை நீக்கிவிட்டான். செடியின் சாற்றைப் பன்மடங்கு சுண்டவைத்து மாத்திரையில் அடைத்து, பெயரை மாத்திரம் வைத்துக்கொண்டிருக்கிறான். நம் முன்னோர்கள் அல்பிரஸோலாமோடு அமுக்கராவை உட்கொண்டதில்லை. அந்தக் கலப்பைப் பற்றி அவர்களுடைய அனுபவம் ஒன்றுமே சொல்லாது.

"டாக்டர்களின் தூக்க மாத்திரை மட்டும் நல்லதோ?" என்பது அடுத்த கேள்வி. நல்லதென்று நாம் சொல்லவில்லை. அல்பிரஸோலாம் போன்றவை பழக்கத்துக்கு அடிமையாக்கக் கூடியவை. அவற்றை நெடுநாள் கொடுத்து வருவது தவறு. ஆயினும் அந்த மாத்திரையில் இருப்பது இன்ன பொருள், இத்தனை மில்லிகிராம் என்று தெரியும்; எதனோடு சேரக்கூடாதென்றும் எழுதி வைத்திருக்கிறது. அந்தக் கெடுதிக்குப் பயந்து வேறொரு கெடுதியை அதன்மேல் ஏற்றுவது பரிகாரமாகாது.

சர்க்காரின் கடமையும் இங்கே இருக்கிறது. ஒரே அமுக்கரா, ஆயுர்வேத, சித்த மருந்தாக விற்கப்படும்பொழுது 1940-ம் வருஷத்து மருந்துச் சட்டத்துக்கு உட்படுகிறது. சத்துணவாக விற்கப்படும்பொழுது உணவுச் சட்டத்துக்கு உட்பட்டு, "மருத்துவ உபயோகத்துக்கல்ல" என்ற வாசகத்தைத் தாங்கி வருகிறது. தூக்கம் வருமென்று முன்பக்கத்தில் ஆசைகாட்டிவிட்டு, மருந்தல்லவென்று பின்பக்கத்தில் கைகழுவுவதற்கு இது வசதியாயிருக்கிறது. ஒரு செடிக்கு ஒரே விதி இருக்கவேண்டும். செடியின் சாஸ்திரப் பெயர், வேரா இலையா என்ற விவரம், சத்தின் அளவு, எந்த மருந்துகளோடு சேர்க்கக்கூடாது என்ற எச்சரிக்கை ஆகிய நான்கும் ஜனங்களுடைய பாஷையில், கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் அச்சிடப்பட வேண்டும். நாட்டு மருந்துகளால் நேரும் கெடுதிகளைத் திரட்டுவதற்கு 2018-ல் ஆயுஷ் இலாகா ஓர் ஏற்பாட்டைத் தொடங்கிற்று. நல்ல ஏற்பாடு. ஆனால் அப்படியொன்று இருப்பது எத்தனை வைத்தியர்களுக்குத் தெரியும்? மூலிகைக்குக் குற்றம் சொன்னால் தேசத்துக்கே குற்றம் சொன்னதாக எண்ணும் மனோபாவம் ஒழிந்தாலன்றி எந்த ஏற்பாடும் பயன்படாது. குறைகளை மறைத்து வைக்கும் வைத்தியம் வளராது. பரீட்சைக்கு அஞ்சாத வைத்தியமே உலகத்தில் நிலைக்கும். அஜ்மல் கான் விரும்பியது அதுவே.

சர்க்கார் செய்யும்வரையில் நேயர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. வீட்டில் யார் எந்த மருந்தை உட்கொண்டாலும், மூலிகை, மிட்டாய், கஷாயம் உள்பட எல்லாவற்றையும் ஒரே காகிதத்தில் எழுதி வைத்து, டாக்டரிடமும் வைத்தியரிடமும் காட்டுங்கள். கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். ஒன்றை உட்கொள்ளும்பொழுது இன்னொன்றைச் சேர்க்காதீர்கள். மூலிகையை நம்பி டாக்டர் மாத்திரையைத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். அதனாலும் வலிப்பு முதலிய ஆபத்துக்கள் உண்டு. கண் மஞ்சளித்தாலும், சிறுநீர் கறுத்தாலும், உடலெங்கும் அரிப்புக் கண்டாலும் மூலிகையை நிறுத்தி அன்றே டாக்டரிடம் செல்லுங்கள். சஸ்திர சிகிச்சைக்குப் போகுமுன், மயக்க மருந்து கொடுப்பவரிடம் முன்கூட்டியே உண்மையைச் சொல்லுங்கள்.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். நெடுநாள் தூக்கமின்மைக்கு முதற்சிகிச்சையாக 2016-ல் அமெரிக்க வைத்தியர்கள் கல்லூரி விதித்தது எந்த மாத்திரையையும் அன்று. படுக்கும் வேளையையும், படுக்கையைப் பற்றிய பழக்கங்களையும், தூக்கத்தைப் பற்றிய பயத்தையும் திருத்தும் பயிற்சியையே. அதற்குச் சீசா இல்லை. ஆகையால் விளம்பரமும் இல்லை. மனத்துயரம் தாங்காதவர்கள் பேசுவதற்கு 2022-ல் இந்திய சர்க்கார் தொடங்கிய 'டெலி-மனஸ்' என்ற தொலைபேசி உதவி 14416 என்ற எண்ணில் கிடைக்கிறது. வெட்கப்படாமல் அதை உபயோகிக்கலாம்.

நாம் முன்பு சொன்ன குமாஸ்தாவுக்கு மருந்து ஏராளமாக இருக்கிறது. மூன்று சீசாக்களையும் மாத்திரைச் சீட்டுகளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு, வெட்கத்தை விட்டு, வைத்தியரெதிரே அவற்றை மேஜைமேல் பரப்பி வைப்பதொன்றே அவர் செய்ய வேண்டிய காரியம். தமிழ் நாட்டில் இன்றிரவு நித்திரையின்றிக் கிடக்கும் ஒவ்வொருவரும் அந்தக் காரியத்தை நாளைக் காலையில் செய்வார்களாக.